நாலு வோல்ட் ஏன் வந்தது?

சாமான் திருத்துகிறவர்களின் கூட்டத்துக்குப் பேச வரச் சொன்னீர்கள். எனக்குப் பேச வராது. எழுதித் தருகிறேன். ஆராவது வாசியுங்கோ.

நல்ல வார்த்தை எதிர்பார்க்க வேண்டாம். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

போன கிழமை உங்களில் ஒருவரின் கடையில் போய் இருந்தேன். பெயர் சொல்லமாட்டேன். அவருக்குத் தெரியும். ஒரு மனுசன் தானே ஆசைக்குச் செய்த சின்னச் சர்க்கிட் போர்ட் ஒன்றைக் கொண்டு வந்தார். கோழிக்கூட்டுக்கு லைற் தானாகப் போட, தானாக நிற்பாட்ட. ஓரிடத்தில் வரக்கூடாத வோல்ட் வருகிறது என்றார். கடைக்காரர் மீற்றரை வைத்தார். ஓம், வந்தது. ஒரு ரெசிஸ்ரரை எடுத்துக் குறுக்கே போட்டார். மீற்றரில் இலக்கம் இறங்கியது. "சரி, கொண்டு போங்கோ." மனுசன் போய்விட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எப்பிடி அண்ணை? ரெண்டே நிமிஷம்."

நான் எழும்பி வந்துவிட்டேன். தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தார். குடிக்கவில்லை. ஏன் என்று அவர் யோசித்திருப்பார். ஏன் என்றால், அந்தச் சிரிப்பு என்னுடையது. நானும் ஒரு நாள் அப்படிச் சிரித்தனான்.

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு. தொழில் ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. சண்டையால் பற்றரி தீவுக்குள் வராத காலத்தில் சைக்கிள் டைனமோவில் றேடியோ போட்டுப் பழகினேன். ஒருத்தர் மிதிப்பார். பத்துப் பேர் செய்தி கேட்பார்கள். அப்போது என்னிடம் மீற்றர் இல்லை. றேடியோ கதைத்தால் சரி. கதைக்காவிட்டால் பிழை. அதற்கு மேல் கணக்கு இல்லை.

பிறகு மீற்றர் வாங்கினேன். அது இலக்கம் காட்டியது. இலக்கத்தை நம்பினேன். சாமான் தன் வேலையைச் செய்கிறதா என்று பார்ப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். எப்போது விட்டேன் என்று தெரியாது.

கடை குறிகட்டுவானில். யாழ்ப்பாண பஸ் வந்து திரும்புகிற இடத்துக்கும் இறங்குதுறைக்கும் நடுவில். நெடுந்தீவுச் சனமும் நயினாதீவுச் சனமும் சாமானைத் தந்துவிட்டு வாசலில் நிற்கும். தீவுக்குச் சனம் ஏற்றுகிற லோஞ்ச் விடுவதற்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். தவறினால் அவர்கள் அடுத்த நாள் வரவேண்டும். அப்படியே அவசரத்தில் பழகிய கை. அந்த அவசரம் எனக்குப் பெருமை.

ஜெசிந்தா அங்கேதான் வந்தா. நெடுந்தீவு. முப்பது வயதிருக்கும். புருசன் யூட், கடற்தொழில். பைபர் வள்ளம்.

அந்த வள்ளத்தில் கால் வைக்கிற தளத்துக்குக் கீழே மூடிய அறை ஒன்று இருக்கும். அதற்குள் காற்று மட்டும்தான் இருக்க வேண்டும். எங்காவது வெடிப்பு விழுந்தால் தண்ணீர் உள்ளே போகும். மேலே நிற்கிறவனுக்குத் தெரியாது. வள்ளம் பாரமாகும். ஒரு பெரிய அலை அடித்தால் பிரளும். ஒரு நாள் யூட் கரைக்கு வந்த பிறகுதான் கண்டிருக்கிறான். மூன்று பேர் இழுக்கிற வள்ளம், எட்டுப் பேர் இழுத்தும் அசையவில்லையாம். அண்டைக்கே ஜெசிந்தா பழைய றேடியோ ஒன்றைக் கழற்றத் தொடங்கியிருக்கிறா.

அவ செய்தது சின்ன வேலைதான். அந்த அறைக்குள் இரண்டு கம்பி. தண்ணீர் இரண்டையும் தொட்டால் வோல்ட் கூடும். கூடினால் மணி அடிக்கும். மணி அடித்தால் யூட் கரைக்குத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான். அந்த மணியில் அவன்ர உயிர் இருந்தது.

இரண்டு போர்ட் செய்து கொண்டு வந்தா. ஒன்று யூட்டின் வள்ளத்துக்கு. மற்றது அவன்ர மச்சானுடைய வள்ளத்துக்கு, பிறகு பூட்ட.

"ஆர் செய்தது?"

"நான்தான் அண்ணை."

"எங்கை படிச்சனீர்?"

"போனிலை பாத்து."

"போனிலை மீன் குழம்பும்தான் வைக்கினம். வயிறு நிறையுமோ?"

"என்ரை குழம்பு நல்லா வந்தது அண்ணை. இதையும் ஒருக்காப் பாருங்கோ."

வாசலில் நின்ற சனம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ பையில் இருந்து சோடாப் போத்தில் ஒன்றை எடுத்தா. உள்ளே கடல்தண்ணீர்.

"கடற்கரையிலை இருக்கிற கடைக்குக் கடல்தண்ணி கொண்டு வந்த முதல் ஆள் நீர்தான்" என்றேன்.

"எங்கடை கடலிலைதானே அண்ணை இது வேலை செய்ய வேணும்."

ஒரு கோப்பையில் ஊற்றி, இரண்டு கம்பியையும் விட்டா. மணி அடித்தது. எடுத்தா. நின்றது. மற்றப் போர்ட்டும் அப்படியே. சரியான வேலை. எனக்குப் பிடிக்காமல் போனது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஈயம் வைத்த விதம் மட்டும் பிழை. ஆட்டுப்புழுக்கை மாதிரி உருண்டு கிடந்தது. அதை ஒழுங்குபடுத்தத்தான் கொண்டு வந்திருந்தா. இரண்டு போர்ட்டையும் திருப்பி ஒட்டினேன். பல்லுத் தீட்டுற பிறஷால், வாளித் தண்ணீரில் உரஞ்சிக் கழுவினேன். வெயிலில் வைத்தேன். பிறகு மெழுகுதிரியை உருக்கி மேலே ஊற்றினேன். கடற்காற்றுப் போகாமல். வள்ளத்துச் சாமான் எல்லாத்துக்கும் அப்போது நான் அப்படித்தான் செய்வது. அவ சோடாப் போத்திலில் மிச்சம் இருந்ததைக் கோப்பையில் ஊற்றி இன்னொரு தரம் பார்த்தா. அடித்தது. சந்தோசமாகப் போனா.

மூன்று கிழமையில் திரும்பி வந்தா. முகம் சரியில்லை.

மணி சும்மா அடிக்கிறதாம். வள்ளத்துக்குக் கீழே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, மணி அடிக்கிறது. யூட் இரண்டு நாள் தொழிலைப் பாதியில் விட்டுத் திரும்பி வந்திருக்கிறான். மற்ற ஆக்கள் விடவில்லை. "யூட்டுக்கு மணி அடிச்சிட்டுது, பூசைக்கு ஓடுறான்" என்று கடலில் வைத்தே கத்துகிறார்களாம். இன்னொரு தரம் சும்மா அடித்தால் பிடுங்கிக் கடலில் எறிவேன் என்று சொல்லிப்போட்டான்.

லோஞ்ச் விட அரை மணித்தியாலம் இருந்தது. வாசலில் நாலைந்து பேர் சாமானோடு நின்றார்கள்.

இனி நடந்த கதைவழியை அப்படியே எழுதுகிறேன். கவனமாகக் கேளுங்கோ. இதுக்காகத்தான் இந்தக் காகிதம்.

"அண்ணை, கம்பி காய்ஞ்சிருக்கேக்கை இந்த இடத்திலை வோல்ட் பூச்சியமா இருக்க வேணுமெல்லோ. நாலு காட்டுது. ஆறு வந்தால் மணி அடிக்கும். இது சில நேரம் தானா ஏறி ஆறுக்குப் போகுது. ஏன்?"

மீற்றரை வைத்தேன். நாலு.

"மற்றப் போர்ட்டும் அப்பிடித்தான் அண்ணை. மூண்டரை. அது அலுமாரிக்குள்ளைதான் கிடக்குது. அதுக்கும் ஏன் வருது?"

"ரெண்டையும் நீர்தானே செய்தனீர். ரெண்டிலையும் ஒரே பிழை விட்டிருப்பீர்."

"முதல் இங்கை கொண்டு வரேக்கை பூச்சியம்தான் இருந்தது. நான் வீட்டிலை பாத்தனான்."

"என்ன மீற்றர்?"

"சந்தையிலை வாங்கினது."

"அப்ப சந்தைக்காரனைத்தான் கேக்க வேணும்."

சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவ சிரிக்கவில்லை.

விளங்குகிறதா? அந்தப் பிள்ளை நோயை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டா. இரண்டு போர்ட். இரண்டிலும் ஒரே நோய். ஒன்று கடலுக்குப் போனது, மற்றது வீட்டை விட்டு அசையவில்லை. இரண்டுமே என் கடைக்கு வருமுன் சுகமாக இருந்தன. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது எது? ஒரு சின்னப் பிள்ளையும் சொல்லும். என் கை. அது மட்டும் எனக்குத் தெரியவில்லை. என் கையை நான் ஒரு நாளும் மீற்றர் வைத்துப் பார்த்ததில்லை.

அந்த இடத்தில் பெரிய ரெசிஸ்ரர் ஒன்று இருந்தது. அவ போட்டது. கணக்குப் பார்த்துப் போட்டது. மெழுகைச் சுரண்டி அதைக் கழற்றினேன். நூறில் ஒரு பங்கு அளவில் சின்னது ஒன்றைப் போட்டேன். மீற்றர் நாலில் இருந்து விழுந்தது. பூச்சியம்.

"சரி. கொண்டு போம்."

"ஏன் வந்தது எண்டு சொல்லேல்லையே அண்ணை."

"வராமல் போட்டுதெல்லோ. பிறகென்ன?"

"தண்ணியிலை வைச்சு ஒருக்காப் பாப்பம். போத்தில் கொண்டு வர மறந்திட்டன். கீழை போய் அள்ளிக்கொண்டு ஓடி வாறன்."

லோஞ்ச் ஹோன் அடித்தது.

"நேரமில்லைப் பிள்ளை. முந்தி தண்ணியிலை அடிச்சதுதானே. சும்மா அடிக்கிறதுதானே உமக்குப் பிரச்சினை? இப்ப சும்மா அடிக்காது. ஓடும், லோஞ்சை விடப் போறாங்கள்."

மெழுகை ஊற்றி, கையில் கொடுத்தேன். அவ கடலைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. ஓடினா. மற்றப் போர்ட்டைப் பிறகு கொண்டு வரச் சொல்லி முதுகுக்குக் கத்தினேன்.

வாசலில் நின்றவரிடம் சொன்னேன்: "எப்பிடி? ரெண்டே நிமிஷம்."

சும்மா அடிக்காது என்றேன். உண்மை. அது சும்மாவும் அடிக்கவில்லை. வேறெதுக்கும் அடிக்கவில்லை.

ஒன்பது நாள் மணி பேசாமல் இருந்தது. பத்தாம் நாள் காலமை லோஞ்சில் இஞ்சின் பார்க்கிற மிசின்காரன் கடையில் எட்டிப் பார்த்தான்.

"அண்ணை, கேள்விப்பட்டனியளோ? ஜெசிந்தாவின்ரை யூட்டும் மச்சானும் விடிய முதல் போனவை. எட்டு மணிக்கு வாற ஆக்கள். இன்னும் இல்லை. போனும் வேலை செய்யேல்லை."

மணி பத்தரை. சோளகக் காற்றுப் பலமாக வீசிய நாள்.

ஜெசிந்தாவுக்குப் போன் எடுத்தேன். கரையில் நின்று கதைத்தா. காற்று இரைந்தது.

"பயப்பிடாதேங்கோ அண்ணை. மிசின்தான் நிண்டிருக்கும். தண்ணி ஏறியிருந்தால் மணி அடிச்சிருக்கும், அவர் திரும்பியிருப்பார். மணி இருக்குதானே. காத்துத் தள்ளிக்கொண்டு போயிருக்கும். காத்துப் போற பக்கம்தான் மூண்டு வள்ளம் தேடிப் போயிருக்கு."

என்னைத் தேற்றினா. அவ என்னைத் தேற்றினா.

"சரி பிள்ளை" என்று வைத்தேன்.

மேசை லாச்சியை இழுத்தேன். உள்ளே அவவுடைய பழைய ரெசிஸ்ரர் கிடந்தது. நான் கழற்றியது. பக்கத்தில், நான் போட்ட அளவில் இன்னும் பத்து. அந்தப் போர்ட்டில் கம்பி வந்து சேருகிற பக்கத்தை மட்டும், நான் மாற்றிய மாதிரியே, ஒரு அட்டையில் ஒட்டினேன். இரண்டு ரெசிஸ்ரர், இரண்டு கம்பி, ஒரு பற்றரி. ஐந்து நிமிஷ வேலை. கோப்பையை எடுத்துக் கொண்டு கடலுக்கு நடந்தேன். எண்ணினேன். இருபத்திரண்டு அடி. அத்தனை வருசம் கடை வைத்திருந்தேன், அந்த இருபத்திரண்டு அடியை ஒரு வேலைக்காகவும் நடந்ததில்லை.

அள்ளி வந்த கடல்தண்ணீரில் கம்பியை விட்டேன். மீற்றர் ஒரு வோல்ட் காட்டியது. மணி அடிக்க ஆறு வேணும்.

முழுக் கடலையும் அந்த வள்ளத்துக்குள் ஊற்றினாலும் அந்த மணி அடிக்காது. அதன் வாயை நான் பொத்தி அனுப்பியிருந்தேன்.

இப்போது நான் சொல்லப் போவதை ஒருத்தருக்கும் சொன்னதில்லை. ஜெசிந்தாவுக்கும் இல்லை.

எனக்கு உடனே விளங்கியது. மிசின் நின்ற வள்ளம் மேலே மிதக்கும், காற்று அதைத் தள்ளும். தண்ணீர் குடித்த வள்ளம் அப்படி இல்லை. அது கடல்மட்டத்தில் தாழ்ந்து கிடக்கும். காற்றுக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. நீரோட்டம் இழுக்கிற பக்கம் மெல்லப் போகும். மூன்று வள்ளமும் பிழையான பக்கம் போகிறது. மணி அடிக்கும் என்று நம்பித்தான் அந்தப் பக்கம் போகிறது.

விளங்கிய பிறகும் நான் போனை எடுக்கவில்லை. கதிரையில் இருந்தேன். சுவரில் மணிக்கூடு. பத்து நிமிஷம்.

அந்தப் பத்து நிமிஷம் என்ன யோசித்தேன் என்றால், போர்ட் கடலுக்குள் போய்விட்டது. இனி ஆர் பார்க்கப் போகிறான்? மெழுகுக்குள் என்ன ரெசிஸ்ரர் என்று ஆருக்குத் தெரியும்? மிசின்தான் நின்றிருக்கும். இல்லாவிட்டாலும் அவ படிக்காமல் செய்த சாமான்தானே. பிழை அவவில் போகும். இப்படி யோசித்தேன். இரண்டு மனுசர் தண்ணீருக்குள் கிடக்க, நான் என் பெயரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

உங்களுக்கு அப்படி ஒரு பத்து நிமிஷம் வரும். வராது என்று நினைக்க வேண்டாம். அந்த நேரம் மீற்றர் உதவாது.

என்னை எழுப்பியது நல்ல மனம் இல்லை. கோப்பை. கம்பி இன்னும் தண்ணீருக்குள் கிடந்தது. மீற்றர் இன்னும் ஒன்று என்று காட்டிக்கொண்டு இருந்தது. அது கண்ணில் குத்தியது.

போனை எடுத்தேன்.

"பிள்ளை, அந்த மணி அடிச்சிராது."

"என்ன?"

"நான் மாத்தினது பிழை. இப்பதான் கடல்தண்ணியிலை வைச்சுப் பாத்தனான். அடிக்காது. வள்ளம் தண்ணி குடிச்சிருக்கும். காத்துப் போற பக்கம் தேட வேண்டாம் எண்டு சொல்லும். வலை விட்ட இடத்திலை இருந்து நீரோட்டம் போற பக்கம் தேடச் சொல்லும். வள்ளத்தைத் தேட வேண்டாம், தெரியாது. தலையைத் தேடச் சொல்லும்."

  போன் கட் ஆனது.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவ கரையால் ஓடி, போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீருக்குள் இறங்கி, அப்போதுதான் புறப்பட்ட இன்னொரு வள்ளத்தை மறித்து ஏறினாவாம். முன்னே போன மூன்று வள்ளத்துக்கும் போனில் கத்தித் திருப்பினாவாம். ஒரு வள்ளக்காரன் திரும்ப மறுத்தானாம். "மணி இருக்கெண்டு நீதானே சொன்னனீ" என்று கேட்டானாம். "மணி இல்லை, திருப்படா" என்றாவாம். நான் ஒன்றும் செய்யவில்லை. வாசலில் நின்றேன். சனம் சாமானோடு வந்தது. திருப்பி அனுப்பினேன்.

ஒரு மணி தாண்டித்தான் செய்தி வந்தது. மிசின்காரன் போனில் சொன்னான்.

"ரெண்டு பேரும் உயிரோடை. பெற்றோல் கலனைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தவை."

வலை விட்ட இடத்தில் இருந்து அவ்வளவு தூரம் இல்லை. பிரண்ட வள்ளத்தின் மூக்கு மட்டும் ஒரு சாண் வெளியே. கிட்டப் போன பிறகுதான் கண்டார்களாம். பெற்றோலும் உப்பும் பட்டு யூட்டின் நெஞ்சுத் தோல் உரிந்து போயிருந்தது. மச்சானுக்குக் கை விறைத்துக் கடைசியில் கலனை விட்டுவிட்டானாம். யூட் அவனைச் சேட்டில் பிடித்து வைத்திருந்தான்.

"எவ்வளவு நேரம் பிடிச்சிருந்தவன்?" என்று கேட்டேன்.

"கனநேரம் இல்லை அண்ணை. ஒரு பத்து நிமிஷம் எண்டு சொன்னான்."

என்னுடைய பத்து நிமிஷத்தை அவனுக்குச் சொல்லவில்லை. இப்போதுதான் உங்களுக்குச் சொல்லுகிறேன்.

ஒரு கிழமை கழித்து ஜெசிந்தா வந்தா. நான் கதிரையைத் துடைத்து வைத்தேன். இருக்கவில்லை. பையில் இருந்து மற்றப் போர்ட்டை எடுத்து மேசையில் வைத்தா. அலுமாரிக்குள் கிடந்தது. நான் கழுவி மெழுகு ஊற்றிய அதே கோலத்தில்.

"நான் அண்டைக்கு வீட்டை போய்ப் பாத்திருப்பன் அண்ணை. அவர் இறங்குதுறையிலை வந்து நிண்டவர். கையோடை வாங்கிப் பூட்டிப்போட்டார். பிறகும் ஒன்பது நாள் இருந்தது. பாத்திருக்கலாம். நீங்கள் செய்தது எண்டு பாக்கேல்லை."

நான் போர்ட்டைக் கையில் எடுத்தேன்.

"இதிலை மூண்டரை வோல்ட் வருது. ஏன் எண்டு இண்டைக்குச் சொல்லுங்கோ. லோஞ்ச் போனால் போகட்டும்."

கதவைச் சாத்தினேன். இரண்டு பேருமாகக் குனிந்தோம். மெழுகைச் சூடு காட்டி மெல்ல உரித்தேன். கீழே ஈயத்துக்கும் ஈயத்துக்கும் நடுவில் பச்சை படர்ந்திருந்தது. ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அவ விரலால் தொட்டு நாக்கில் வைத்தா.

"உப்பு."

"கடற்காத்து" என்றேன்.

"இது கடலைக் காணேல்லை அண்ணை. அலுமாரிக்குள்ளை, சீலைக்குள்ளை சுத்திக் கிடந்தது. மெழுகும் உடையேல்லை. பிறகு எப்பிடி உள்ளை போனது?"

நான் பதில் தேடிக் கண்ணை எடுத்தேன். கண் போய் விழுந்தது வாளியில். பல்லுத் தீட்டுற பிறஷ் அதற்குள்ளேயே கிடந்தது.

வாளித் தண்ணீர் கடைக்குப் பின்னால் இருக்கிற கிணற்றில் அள்ளியது. சவர்த் தண்ணீர். வாயில் வைக்க ஏலாது. குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வரும். கலனில் பிடித்து, மூடி போட்டு, மேலே வைப்போம். அதில் கை கழுவினால்கூட வீட்டில் பேச்சு விழும். நல்ல தண்ணீரில் சாமான் கழுவுகிறவன் இந்தத் தீவில் மனுசன் இல்லை. எங்களுக்கு அப்படித்தான் ஊறியது. அப்படி ஊறியதால் ஒரு நாளும் யோசிக்கவில்லை. மனுசன் குடிக்க ஏலாத தண்ணீரை எத்தனை வருசமாகச் சாமானுக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறேன். முதலில் ஸ்பிரிற்றில் துடைத்தனான். அது கிடைக்காமல் போனபோது வாளிக்கு மாறினேன். றேடியோவும் ரீவியும் தாங்கின. அவவுடைய போர்ட் தாங்கவில்லை. அது சின்னக் கசிவையும் அறிகிற மாதிரிச் செய்தது. அதற்காகத்தான் அவ அதைச் செய்தா. மெழுகு உப்பைக் காத்தது. உப்பு ஈரத்தைப் பிடித்தது. ஈரத்தால் வோல்ட் கசிந்தது.

நாலு வோல்ட் பிழை இல்லை. அந்தப் போர்ட் சரியாகத்தான் சொன்னது. "எனக்குள் உப்புத் தண்ணி இருக்கு" என்று சொன்னது. உப்புத் தண்ணீரைக் கண்டால் சொல்லத்தானே அதைச் செய்தது. நான் அதன் வாயைப் பொத்தினேன்.

அவவும் வாளியைப் பார்த்தா. 

"கழுவினதாலையா அண்ணை?"

"ஓம்."

அவ்வளவுதான் கதைத்தோம். போர்ட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டா.

இனி உங்களுக்கு. எனக்கு நீட்டிச் சொல்ல வராது.

எதிர்பாராத வோல்ட் வந்தால் அது பிழை என்று துள்ள வேண்டாம். அது ஒரு கதை சொல்லுது. கேளுங்கோ. இலக்கத்தை இறக்கத் தெரிந்தவன் எல்லாம் திருத்துகிறவன் இல்லை. மீற்றருக்குப் பூச்சியம் காட்டிக் கொடுத்துவிட்டுச் சனத்தை ஏமாற்றுகிறவன், அவ்வளவுதான். நான் அதைச் செய்தனான். நீங்கள் செய்தால் ஏசுவேன். கிட்ட நின்றால் அடித்தாலும் அடிப்பேன்.

அடிக்கக்கூடாத நேரம் அடிக்கவில்லை என்று பார்த்தது போதாது. அடிக்க வேண்டிய நேரம் அடிக்கிறதா என்று பாருங்கோ. கடலுக்குப் போகிற சாமானைக் கடல்தண்ணீரில் பாருங்கோ. கோழிக்கூட்டுக்குப் போகிறதைக் கோழிக்கூட்டில் போய்ப் பாருங்கோ. லோஞ்ச் போனால் போகட்டும்.

ஒருத்தர் தானே செய்த சாமானோடு வந்து "ஏன்" என்று கேட்டால், அவருடைய படிப்பை விசாரிக்க வேண்டாம். மீற்றர் எங்கே வாங்கினது என்று நக்கல் அடிக்க வேண்டாம். "ஏன்" என்று கேட்கிறவர் உங்களை விட ஒரு படி முன்னால் நிற்கிறார். வாசலில் நிற்கிற சனம் உங்கள் பகிடிக்குச் சிரிக்கும். அந்தச் சனம் உங்கள் சாமானை நம்பிக் கடலுக்குப் போகாது.

கோழிக்கூட்டு மனுசனின் போர்ட்டைத் திருப்பி வாங்கிப் பாருங்கோ. நாளைக்கே. அவருடைய வீடு தெரியாவிட்டால் என்னைக் கேளுங்கோ, அவர் மடத்துவெளிப் பக்கத்து ஆள், அங்கே விசாரித்துச் சொல்லுகிறேன். கோழிதானே என்று சொன்னால் என் முகத்தில் முழிக்க வேண்டாம்.

ஜெசிந்தா இப்போது நெடுந்தீவில் வள்ளங்களுக்கு அந்த மணி செய்து கொடுக்கிறா. யூட் வேறு வள்ளத்தில் போகிறான். அதிலும் மணி இருக்கிறது. போன மாதம் இறங்குதுறையில் கண்டேன். லோஞ்சுக்கு நின்றா. கையில் பெரிய போத்தில் நிறையத் தண்ணீர். பக்கத்தில் நின்ற மனுசி கேட்டா:

"என்னடி, ஊருக்குத் தண்ணி காவுறாய்? குடிக்கவோ?"

"இல்லை அக்கா. போர்ட் கழுவ."

"நல்ல தண்ணியிலை கழுவுறதோ? உனக்குக் கொழுப்பெடி!"

ஜெசிந்தா சிரித்தா. என்னைக் கண்டா. "அண்ணை, முழங்கால் எப்பிடி?" என்று கேட்டா. பரவாயில்லை என்றேன். போத்திலை வாங்கக் கை நீட்டினேன். லோஞ்ச் வரைக்கும் தூக்கிக் கொடுக்கலாம் என்று. தந்தா. ஏறின பிறகு வாங்கிக்கொண்டா.

மற்றக் கையில் ஒரு சின்னப் பை இருந்தது. அதற்குள் புதுப் போர்ட் இரண்டு. அதையும் பிடிக்கிறேன் என்றேன்.

"வேண்டாம் அண்ணை" என்றா. மரியாதையாகத்தான் சொன்னா. நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனா.